முன்னாள் ராணுவத்தினர் சங்கம் எதற்கு? டெக்சாஸ் சொன்ன பதில்

முன்னாள் ராணுவத்தினர் சங்கம் என்றதும் பெரும்பாலானோர் மனதில் ஒரே காட்சிதான் வரும். சுதந்திர தினத்தன்று மார்பில் பதக்கங்களோடு நாலைந்து பெரியவர்கள் விறைப்பாக நின்று கொடியேற்றுவார்கள். பிறகு ஒரு ரத்ததான முகாம், ஏழை மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம், முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு. மறுநாள் செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு புகைப்படம். இதில் கேலி செய்ய எதுவும் இல்லை. ரத்தம் தேவைப்பட்டவருக்கு ரத்தம் கிடைக்கிறது, நோட்டு இல்லாத பையனுக்கு நோட்டு கிடைக்கிறது.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இப்படி ஒரு சங்கத்தின் வேலை அவ்வளவுதானா? உதவி கேட்டு வந்தவருக்குக் கையில் இருப்பதைக் கொடுத்து அனுப்பினால் போதுமா? அவர் ஏன் கேட்கும் நிலைக்கு வந்தார் என்றும் பார்க்க வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு 1948-ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கம் பதில் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கார்பஸ் கிறிஸ்டி என்ற கடற்கரை நகரத்தில், ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் கூடி ஆரம்பிக்கப்பட்ட உள்ளூர்ச் சங்கம் அது. பெயர் அமெரிக்கன் ஜி.ஐ. ஃபோரம். (ஜி.ஐ. என்பது அமெரிக்கப் படைவீரரைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல்.) தமிழில் அதிகம் பேசப்படாத கதை இது. ஆனால் சமூக சேவை என்ற வார்த்தையைப் பயன்படுத்தும் எல்லோரும் ஒருமுறையாவது தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

போரிலிருந்து திரும்பியவர்கள்

முதலில் கொஞ்சம் பின்னணி. டெக்சாஸ் 1836 வரை மெக்சிகோவின் ஒரு பகுதி. எல்லைக்கோடு மாறிய பிறகும் அங்கேயே இருந்தவர்கள், பின்னால் எல்லை தாண்டிப் பிழைக்க வந்தவர்கள் என்று மெக்சிகோ வம்சாவளி மக்கள் அங்கே ஏராளம். சட்டப்படி இவர்கள் வெள்ளையர் கணக்கில்தான் வந்தார்கள். ஆனால் பல ஊர்களில் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம், குடியிருக்கத் தனிப் பகுதி, சில உணவகங்களில் 'மெக்சிகர்களுக்கு இடமில்லை' என்று பலகை. செத்த பிறகும் இதே நிலைதான். கல்லறைத் தோட்டத்தில் இவர்களுக்கென்று தனி மூலை.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது இதே சமூகத்திலிருந்து இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் பேர் வரை ராணுவத்தில் சேர்ந்ததாக மதிப்பிடுகிறார்கள். வெள்ளையர் கணக்கிலேயே சேர்த்துவிட்டதால் ராணுவத்தில் தனிக் கணக்கு வைக்கப்படவில்லை. இத்தாலியிலும் பசிபிக் தீவுகளிலும் சண்டை போட்டார்கள். பதக்கம் வாங்கினார்கள். ஊர் திரும்பியபோது அந்தப் பலகைகள் அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

போர் முடிவதற்கு முன்பே, 1944 ஜூன் மாதம், அமெரிக்க அரசு ஒரு பெரிய சட்டம் போட்டிருந்தது. ஜி.ஐ. உரிமைச் சட்டம் என்று அழைக்கப்பட்ட அதன்படி, திரும்பி வரும் வீரருக்குப் படிப்புச் செலவாக ஆண்டுக்கு 500 டாலர் வரை கிடைக்கும். வீடு வாங்க அரசு உத்தரவாதத்தோடு கடன். வேலை கிடைக்கும்வரை வாரம் 20 டாலர், அதிகபட்சம் 52 வாரங்களுக்கு. அந்தக் காலத்தில் நல்ல பல்கலைக்கழகங்களின் கட்டணத்துக்கே 500 டாலர் போதுமானதாக இருந்தது. அமெரிக்க நடுத்தர வர்க்கம் பெருகியதற்கு இந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம் என்பார்கள்.

சட்டப் புத்தகத்தில் எல்லா வீரரும் சமம். ஆனால் தெற்கு டெக்சாஸில் மெக்சிகோ வம்சாவளி வீரருக்குப் பணம் தாமதமாக வரும், சில நேரம் வரவே வராது. என்ன படிவம், யாரிடம் கொடுப்பது என்று சொல்ல ஆள் இல்லை. ஆங்கிலம் சரியாக எழுத வராதவர்கள் இன்னும் திண்டாடினார்கள். போரில் அடிபட்டவருக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லை.

படிவம் நிரப்பிக் கொடுத்த டாக்டர்

இந்த இடத்தில்தான் ஹெக்டர் கார்சியா வருகிறார். 1914-இல் மெக்சிகோவில் பிறந்தவர். அங்கே புரட்சி நடந்துகொண்டிருந்தபோது 1917-இல் குடும்பத்தோடு டெக்சாஸுக்கு வந்து சேர்ந்தார். 1940-இல் மருத்துவப் பட்டம். போரில் முதலில் தரைப்படை, பிறகு பொறியாளர் பிரிவு, கடைசியில் மருத்துவப் பிரிவு. வெண்கல நட்சத்திரப் பதக்கமும் மேஜர் பதவியும் வாங்கித் திரும்பினார். 1946-இல் கார்பஸ் கிறிஸ்டியில் மருத்துவமனை வைத்தார். காசு இருந்தால் வாங்கிக்கொள்வார், இல்லாவிட்டாலும் வைத்தியம் பார்ப்பார்.

அவரிடம் வந்த முன்னாள் வீரர்கள் நோயை மட்டும் சொல்லவில்லை. வராத உதவித்தொகையைச் சொன்னார்கள், கிடைக்காத படுக்கையைச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தால் இது முடியாது என்று அவருக்குப் புரிந்தது. 1948 மார்ச் 26 அன்று கூட்டம் போட்டார். சுமார் 700 பேர் வந்தார்கள். சங்கம் பிறந்தது.

பெயரைக் கவனியுங்கள். மெக்சிகோ என்ற சொல்லே அதில் இல்லை. 'அமெரிக்கன்' என்பதுதான் முதல் சொல். யாரிடமும் சலுகை கேட்டு வரவில்லை, இந்த நாட்டுக்காகச் சண்டை போட்ட குடிமகனாகப் பேச வந்திருக்கிறோம் என்பதே அதன் அர்த்தம்.

இந்தச் சங்கத்தின் ஆரம்பகால சேவை என்ன தெரியுமா? பெரும்பாலும் படிவம் நிரப்புவது! யாருக்கு என்ன சலுகை உண்டு என்று எடுத்துச் சொல்வது, விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, பதில் வராவிட்டால் அலுவலகத்தைத் துரத்துவது. கேட்பதற்கு ரொம்பச் சாதாரணமாக இருக்கும். புகைப்படம் எடுக்க இதில் ஒன்றுமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். சங்கம் தன் பணத்தில் ஒரு பையனுக்கு 50 டாலர் கொடுத்தால் அது நல்ல காரியம். அதே பையனுக்கு அரசு சட்டப்படி தரவேண்டிய 500 டாலரை வாங்கிக் கொடுத்தால்? தொகை பத்து மடங்கு என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அவன் யாருக்கும் நன்றிக்கடன் படவில்லை, தனக்குச் சேரவேண்டியதைத்தான் வாங்கினான்.

தர்மத்துக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பசித்தவனுக்கு முதலில் சோறு போடத்தான் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அவன் பங்கு அரிசி வேறு எங்கோ பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்தும் தினமும் சோறு மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பூட்டுக்கு நாமே காவல் நிற்பது போல ஆகிவிடும்.

ஃபெலிக்ஸ் லாங்கோரியா

சங்கம் ஆரம்பித்துப் பத்து மாதம்கூட ஆகவில்லை, அடுத்த சோதனை வந்தது.

ஃபெலிக்ஸ் லாங்கோரியா, த்ரீ ரிவர்ஸ் என்ற சிறிய ஊர்க்காரர். லாரி ஓட்டியவர். 1945 ஜூன் மாதம் பிலிப்பைன்ஸின் லூசான் தீவில் கொல்லப்பட்டார். உடல் அங்கேயே புதைக்கப்பட்டு, மூன்றரை ஆண்டுகள் கழித்துத்தான் தாய்நாட்டுக்கு அனுப்ப ஏற்பாடானது. மனைவி பீட்ரைஸ் ஊரில் இருந்த ஒரே இறுதிச்சடங்கு நிலையத்துக்குப் போனார். (அந்த நாட்டில் இறந்தவரின் உடலைப் பார்வைக்கு வைப்பதும் அடக்கத்துக்கு ஏற்பாடு செய்வதும் இப்படிப்பட்ட தனியார் நிலையங்கள்தான்.) அடக்கம் செய்து தருவோம், ஆனால் உடலை எங்கள் சிற்றாலயத்தில் வைக்க முடியாது, வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்காது என்று பதில் வந்தது. அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்திலும் மெக்சிகோ வம்சாவளியினரின் பகுதியை முள்கம்பி வேலி பிரித்துவைத்திருந்தது. இதை விளங்கிக்கொள்ளத் தமிழ் வாசகர்களுக்கு அகராதி தேவைப்படாது.

விஷயம் உறவினர் மூலம் கார்சியாவுக்கு வந்தது. இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி, ஒரு வழக்கமான தொண்டு சங்கம் என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். பக்கத்து ஊரில் வேறொரு மண்டபம் பிடித்துக் கொடுத்திருக்கும். செலவை ஏற்றுக்கொண்டிருக்கும். மலர்வளையம் வைத்திருக்கும். குடும்பமும் நன்றி சொல்லியிருக்கும். அந்த நிலையத்தின் கதவு மட்டும் அடுத்தவருக்கும் மூடியே இருந்திருக்கும்.

கார்சியா முதலில் நிலைய உரிமையாளருக்குத் தானே ஃபோன் செய்து கேட்டார். அதே பதில். உள்ளூர்ப் பத்திரிகை நிருபரிடம் சொன்னார். அவர் கேட்டபோதும் அதே பதில். பிறகு அதிகாரத்தில் இருப்பவர்கள் பலருக்கும் தந்தி பறந்தது. 1949 ஜனவரி 11 அன்று கார்பஸ் கிறிஸ்டியில் சங்கம் நடத்திய கண்டனக் கூட்டத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். தந்திகளில் ஒன்றுக்குப் பதில் அந்தக் கூட்டத்திலேயே படிக்கப்பட்டது. அனுப்பியவர், செனட்டராகப் பதவியேற்றுச் சில நாட்களே ஆகியிருந்த லிண்டன் ஜான்சன். தனியார் இறுதிச்சடங்கு நிலையத்தின் மேல் தனக்கு அதிகாரம் இல்லை, ஆனால் தலைநகருக்கு அருகே உள்ள ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்ய ஏற்பாடு செய்கிறேன் என்பது அதன் சாரம். குடும்பம் ஒப்புக்கொண்டது. அவர்கள் போய்வரும் செலவுக்குச் சங்கம் நன்கொடை திரட்டியது. பிப்ரவரி 16 அன்று அடக்கம் நடந்தது. ஜான்சன் மனைவியோடு வந்திருந்தார்.

ஜான்சனும் கணக்குப் பார்த்துத்தான் செய்தார் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம், அரசியல்வாதிதானே. ஆனால் ஒரு செனட்டர் கணக்குப் போட்டுப் பார்க்கும் அளவுக்கு ஒரு உள்ளூர்ச் சங்கம் வளர்ந்திருந்தது என்பதே இங்கே செய்தி.

கதை இனிப்பாக முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டெக்சாஸ் சட்டமன்றம் விசாரிக்க ஒரு குழு அமைத்தது. ஐந்து பேர் கொண்ட அந்தக் குழுவில் பெரும்பான்மையோர் பாகுபாடு எதுவும் நடக்கவில்லை என்று அறிக்கை எழுதினார்கள். ஓர் உறுப்பினர் அதை ஏற்காமல் தனி அறிக்கை கொடுத்தார். கையெழுத்துப் போட்ட இன்னொருவர் பிறகு தன் பெயரை விலக்கிக்கொண்டார். த்ரீ ரிவர்ஸில் மரியாதை கிடைக்காத வீரர் ஆர்லிங்டனில் தேசிய வீரர்களோடு படுத்திருக்கிறார். அவர் ஊரைப் பொறுத்தவரை, அவர் வெளியே அனுப்பப்பட்டவர்தான்.

சவப்பெட்டியிலிருந்து நீதிமன்றத்துக்கு

அதன் பிறகு கிளைகள் வேகமாகப் பெருகின. தெற்கு டெக்சாஸில் ஊர் ஊராக, பிறகு மாநிலம் தாண்டியும். அவர்கள் எடுத்துக்கொண்ட வேலைகளைப் பாருங்கள்.

பள்ளிக்கூடம். மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று 1948 ஜூன் மாதம் டெக்சாஸில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் டெல்காடோ வழக்கில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தால் மட்டும் போதுமா? பள்ளிகள் உண்மையில் மாறினவா என்று கார்சியாவும் சங்கத்தினரும் நேரில் போய்ப் பார்த்துப் புகார் அனுப்பினார்கள். கூடவே, பிள்ளைகளை வயல்வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று பெற்றோரிடமும் பிரசாரம்.

ஓட்டு. டெக்சாஸில் அப்போது ஓட்டுப் போடத் தலைவரி கட்ட வேண்டும். அதிகபட்சம் 1 டாலர் 75 சென்ட். பருத்தி பறித்துப் பிழைக்கும் குடும்பத்தில் கணவன் மனைவி இருவருக்கும் கட்டுவது சின்ன விஷயமில்லை. வரியைக் கட்டுங்கள், ஓட்டை விடாதீர்கள் என்று சங்கம் இயக்கமே நடத்தியது. 1966-இல்தான் அந்த வரி டெக்சாஸில் முற்றிலும் ஒழிந்தது.

ஜூரி. 1951-இல் ஜாக்சன் கவுண்டியில் பீட் ஹெர்னாண்டஸ் என்ற தொழிலாளி மேல் கொலை வழக்கு. மெக்சிகோ வம்சாவளியினர் கணிசமாக வாழ்ந்த அந்தக் கவுண்டியில், 25 ஆண்டுகளில் அழைக்கப்பட்ட 6,000-க்கும் மேற்பட்ட ஜூரிகளில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. வழக்கறிஞர்கள் கஸ் கார்சியா, கார்லோஸ் கதேனா ஆகியோர் இதை உச்ச நீதிமன்றம்வரை கொண்டு போனார்கள். (கஸ் கார்சியா டாக்டருக்கு உறவில்லை, சங்கத்தின் சட்ட ஆலோசகர்.) ஜி.ஐ. ஃபோரமும், லூலாக் என்ற இன்னொரு பழைய அமைப்பும் பணத்துக்கு அலைந்தன. 1954 மே 3 அன்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. அந்த ஊர் நீதிமன்றக் கட்டடத்திலேயே ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள் இருந்ததையும், ஒன்றில் 'கறுப்பினத்தவர்' என்று ஆங்கிலத்திலும் அதன் கீழே 'ஆண்கள் இங்கே' என்று ஸ்பானிய மொழியிலும் எழுதியிருந்ததையும் நீதிபதிகள் தீர்ப்பில் குறிப்பிட்டார்கள். ஹெர்னாண்டஸ் மறுவிசாரணையிலும் குற்றவாளி என்றே தீர்ப்பானது. ஆனால் வழக்கு அவர் நல்லவரா கெட்டவரா என்பதைப் பற்றியதல்ல. அவரை விசாரிக்கும் முறை நியாயமானதா என்பதைப் பற்றியது.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பெரிய முதலாளிகளிடமிருந்து அல்ல. விருந்து, நடன நிகழ்ச்சி, சில்லறை நன்கொடை. இதில் பெரும்பங்கு உழைப்பு பெண்கள் கிளையினுடையது. சமையலும் டிக்கெட் விற்பனையும் இல்லாமல் உச்ச நீதிமன்றத்துக்கு ரயில் டிக்கெட் வாங்கியிருக்க முடியாது. வரலாற்றில் டாக்டர் பெயரும் வக்கீல் பெயரும் நிற்கின்றன, அடுப்படியில் நின்றவர்களின் பெயர் அநேகமாக இல்லை. அதையும் சேர்த்துத்தான் இந்தச் சங்கத்தைப் பாராட்ட வேண்டும்.

எதிர்க்கேள்விகள்

முன்னாள் ராணுவத்தினர் அரசியலில் இறங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சீருடை போட்டவர் மேல் இருக்கும் மரியாதையைக் கட்சிக்கு அடகு வைத்தால் இரண்டும் கெட்டுவிடும். ஜி.ஐ. ஃபோரம் இதைப் புரிந்து வைத்திருந்தது. எந்தக் கட்சியையும் சாராத அமைப்பு என்றே தன்னை அறிவித்துக்கொண்டது. 1960 தேர்தலில் கார்சியா போன்றவர்கள் கென்னடிக்காக வேலை செய்தபோதுகூட 'விவா கென்னடி' மன்றங்கள் என்று தனியாகத்தான் நடத்தினார்கள். வராத உதவித்தொகையைக் கேட்பதோ, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதோ கட்சி அரசியல் ஆகாது.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. 'நாட்டுக்காகச் சண்டை போட்டோம், அதனால் எங்களுக்கு உரிமை வேண்டும்' என்ற வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. சண்டை போடாதவருக்கு? பாட்டிக்கு? எல்லை தாண்டி வந்த கூலிக்காரருக்கு? சங்கம் இங்கே சறுக்கியது. 1953-இல் டெக்சாஸ் தொழிற்சங்கக் கூட்டமைப்போடு சேர்ந்து, அனுமதியில்லாமல் மெக்சிகோவிலிருந்து வரும் தொழிலாளர்களால் கூலி குறைகிறது, நோய் பரவுகிறது என்றெல்லாம் கடுமையாக எழுதி ஒரு சிறுநூல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அரசு அவர்களைப் பெருமளவில் பிடித்து நாடு கடத்தியபோது அதை ஆதரித்தது. அதே மொழி பேசுபவர்கள், சில குடும்பங்களில் சொந்தக்காரர்களே!

கூலி குறைந்தது பொய்யல்ல. ஆனால் குறைத்துக் கொடுத்தது பண்ணை முதலாளி. ஒரு சவப்பெட்டிக்கு மூடிய கதவைத் தட்டத் தெரிந்த சங்கம், இன்னொரு கதவை மூடக் கை கொடுத்தது. இதை மறைத்துவிட்டு எழுதினால் அது துதிபாடலாகிவிடும். சேவை செய்து சம்பாதித்த மரியாதையைத் தன் ஆட்களுக்கு மட்டும் செலவழிப்பது எந்தச் சங்கத்துக்கும் வரக்கூடிய ஆபத்து. படைவீரர் சங்கத்துக்கு அது கொஞ்சம் சீக்கிரம் வரும், ஏனென்றால் 'நாங்கள் கொடுத்தோம், நீ என்ன கொடுத்தாய்' என்று கேட்கும் வசதி அவர்களுக்கு உண்டு.

ஆனாலும் மொத்தக் கணக்கில் பார்த்தால், அந்த மரியாதையைப் பெரும்பாலும் அவர்கள் பொதுவில்தான் செலவழித்தார்கள். பள்ளிக்குப் போன பிள்ளைகள் ராணுவத்தில் இருந்தவர்கள் அல்ல. ஜூரியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் துப்பாக்கி பிடித்தவர்கள் அல்ல. 1984-இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கம் கார்சியாவுக்குக் கிடைத்தது. மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல்முறை. 1996-இல் அவர் இறந்தார்.

கடைசியாக

இதையெல்லாம் படித்துவிட்டு, ரத்ததான முகாம் வேண்டாம், நோட்டுப் புத்தகம் வேண்டாம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டியதில்லை. ஜி.ஐ. ஃபோரமும் விருந்து வைத்தது, மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தது, பிற்காலத்தில் வீடில்லாத முன்னாள் வீரர்களுக்குத் தங்குமிடமும் ஏற்பாடு செய்தது. கொடுப்பதை நிறுத்தவில்லை. கொடுக்கும்போதே 'இது ஏன் உனக்கு இல்லாமல் போனது?' என்று சேர்த்துக் கேட்டார்கள். வேறுபாடு அந்த ஒரு கேள்வியில்தான்.

ஓய்வு பெற்று ஊர் திரும்பும் ராணுவ வீரர்களுக்குச் சில விஷயங்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அரசாங்கக் காகிதம் எப்படி நகரும், எந்தக் கையெழுத்து எங்கே வேண்டும், அதிகாரி முன்னால் கைகட்டாமல் எப்படி நிற்பது. விதவை ஓய்வூதியத்துக்கு அலையும் ஒரு பெண்ணுக்கு, சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் கல்லூரி இடத்தை இழக்கப்போகும் ஒரு மாணவனுக்கு, ஒரு போர்வையைவிட இந்த அறிவு பெரிய உதவி. வாரத்தில் ஒருநாள், சங்கக் கட்டடத்தில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பேனா போதும். அங்கே தீராத பிரச்சினை எது என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். அதன் பிறகு அந்தச் சங்கம் என்ன செய்கிறது என்பதில்தான் அது எப்படிப்பட்ட சங்கம் என்பது தெரியும்.